நல்லாத்தானே ஓடுது, அப்டேட் எதுக்கு?

புது காஸ் சிலிண்டர் வந்து இறங்கியதும் நாம் எதைப் பார்க்கிறோம்? சீல் இருக்கிறதா, எடை சரியா, வாஷர் கசிகிறதா என்று பார்ப்போம். கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் ‘பி-27’ என்றோ ‘டி-28’ என்றோ பெயிண்டில் எழுதியிருக்குமே, அதைப் படித்துப் பார்க்கிற சகோதரிகள் எத்தனை பேர்? ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்த வருஷம் அந்த மாதம் முடிவதற்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டிய சிலிண்டரும் ஜோராகத்தான் எரியும். சோறு வேகும், குழம்பு கொதிக்கும். அதனால்தான் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

வீட்டில் இருக்கிற லாப்டாப்புக்கும் கையில் இருக்கிற போனுக்கும் இதே மாதிரி ஒரு தேதி உண்டு. பட்டையில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தை எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஊர் அடுக்கம். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக ஏறி, பெருமாள்மலையில் கொடைக்கானல் ரோட்டைப் பிடிக்கிற மலைப்பாதையில் இருக்கிறது. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, இவைதான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. நான் வீட்டிலேயே காப்பிக் கொட்டை வறுத்து அரைத்துப் பார்சலில் அனுப்புகிறேன். மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநர் என்பதால் குழுக் கணக்கும் என் தலையில். இந்த இரண்டுக்கும் எனக்குத் துணை ஒரு பழைய லாப்டாப்.

அது என் கொழுந்தனுக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச லாப்டாப் திட்டத்தை ஆரம்பித்து வைத்தார் அல்லவா? மறு வருஷம் பிளஸ் டூ படித்த என் கொழுந்தனுக்கும் ஒன்று கிடைத்தது. நான் கல்யாணமாகி வந்தபோது டிராயர் போட்டுக்கொண்டு மூன்றாம் வகுப்பு போன பையன். இன்றைக்குக் கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறான். அவன் புதிதாக ஒன்று வாங்கியதும் பழசு எனக்கு வந்து சேர்ந்தது. வந்தபோது அதில் விண்டோஸ் 7 இருந்தது. கூடவே பாஸ் லினக்ஸ் என்று ஒன்றும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 2016-ல், மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10-ஐ இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவனே அதை ஏற்றிக் கொடுத்தான். பெரியகுளத்தில் ரேம் கூட்டி, கீபோர்டும் மாற்றியாகிவிட்டது. இன்னும் உழைக்கிறது.

2025 அக்டோபரில் வீட்டில் வாக்குவாதம் ஆரம்பித்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்று திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்து நின்றது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் இந்த மெஷினுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதற்கு டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம், ப்ராஸஸரும் புதிதாக இருக்க வேண்டுமாம். பத்துப் பன்னிரண்டு வயசான லாப்டாப்புகளில் இவை கிடையாது.

“மதினி, அந்தப் பொட்டியத் தூக்கிப் பரண்ல போடுங்க. நான் செகண்ட் ஹாண்ட்ல ஒண்ணு பாத்துத் தர்றேன்” என்றான் கொழுந்தன்.

“நல்லாத்தானே ஓடுது? அப்டேட்டுனு ஒண்ணு வந்தாத்தான் அது மக்கர் பண்ணுது. அத நிப்பாட்டிட்டாப் போதும்” என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டு பேர் பேச்சிலும் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

முதலில், அப்டேட் என்பது என்ன? கம்ப்யூட்டரையும் போனையும் உள்ளிருந்து நடத்துகிற அடிப்படை ப்ரோக்ராமுக்கு ஆபரேடிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் அந்த ரகம்தான். கோடிக்கணக்கான வரிகளில் மனிதர்கள் எழுதியது. மனிதர் கைப்பட்ட வேலையில் ஓட்டை இல்லாமல் இருக்குமா? விற்ற பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வரும். தெரிந்த ஓட்டையை அடைத்து அனுப்புகிற ஒட்டுத்தான் செக்யூரிட்டி அப்டேட். மைக்ரோசாஃப்ட் 2003-லிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இதை வெளியிடுகிறது. செவ்வாய்க்கிழமையில் நாம் ஒரு நல்ல காரியம் தொடங்குவோமா! ஆனால் அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பத்தரைக்கு மேல். ஆகவே நம் வீட்டுக்கு அது புதன்கிழமையாகத்தான் வந்து சேரும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நான் சமாதானம் செய்துகொள்வேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, சகோதரிகளே. ஒரு பூட்டுக் கம்பெனி, “நாங்கள் விற்ற இந்த மாடல் பூட்டு ஹேர்பின்னாலேயே திறந்துகொள்கிறது, எல்லோரும் வந்து மாற்றிக்கொள்ளுங்கள்” என்று பேப்பரில் விளம்பரம் போட்டால் என்ன ஆகும்? வீட்டுக்காரர்கள் படிப்பார்கள். திருடனும் படிப்பான்! அன்று வரை அவனுக்கே தெரியாத வழி, அன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிடும். அப்டேட் வெளியான மறு நிமிஷத்திலிருந்து, அதைப் போட்டுக்கொண்ட மெஷின் பத்திரம். போடாத மெஷினுக்கு நேற்றைவிட இன்று அபாயம் ஜாஸ்தி. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் நேற்று இருந்த நிலையிலேயே இருப்போம் என்று நினைக்கிறோமே, அந்தக் கணக்கு இங்கே சரிப்படாது.

2017-ல் உலகமே இதைப் பார்த்தது. அந்த வருஷம் மார்ச் 14-ஆம் தேதி விண்டோஸின் ஒரு பெரிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஒட்டு வெளியிட்டது. மே 12-ஆம் தேதி, கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து, ‘வானாக்ரை’ என்ற விஷமி ப்ரோக்ராம் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. உள்ளே இருக்கிற கணக்கு, படம், கடிதம் எல்லாவற்றையும் யாரும் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டு, 300 டாலர் கொடு, மூன்று நாள் தாண்டினால் 600 டாலர் என்று மிரட்டியது. இங்கிலாந்தின் அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்க்கவும் ஆபரேஷனுக்கும் குறித்திருந்த சுமார் 19,000 தேதிகள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

எங்கோ சீமையில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை. வயநாட்டில் எங்கள் ஊர் மாதிரியே காப்பியும் மிளகும் விளைகிற தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும் கம்ப்யூட்டர்கள் முடங்கின. திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தில்கூடச் சில கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. நல்லவேளை, பக்தர்களின் தரிசன வேலைகளுக்குப் பங்கமில்லை.

இதில் நான் படித்து ஆச்சரியப்பட்ட செய்தி ஒன்று உண்டு. அடிபட்டவை எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி மாதிரி கைவிடப்பட்ட கிழங்கள் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். காஸ்பர்ஸ்கி என்ற வைரஸ் தடுப்புக் கம்பெனி எண்ணிப் பார்த்தபோது, தங்கள் கணக்கில் வந்தவற்றில் 100-க்கு 98 விண்டோஸ் 7 என்று தெரிந்தது. விண்டோஸ் 7-க்கு அப்போது அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. மருந்து வாசல் வரை வந்திருக்கிறது. கதவைத் திறந்து வாங்கி வைக்கத்தான் ஆளில்லை! ஆகவே என் வீட்டுக்காரர் சொன்ன ‘அத நிப்பாட்டிட்டாப் போதும்’ என்பதை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. வருகிற வரைக்கும் போட்டே தீர வேண்டும். மெஷின் எவ்வளவு பழசானாலும் சரி. பழசானால் இன்னும் அவசியம்.

அவர் பேச்சில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்டேட் போட்டால் மெஷின் மந்தமாகிறது என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்களே, அது வெறும் பிரமை இல்லை. ஆப்பிள் கம்பெனி, பாட்டரி பழசான ஐபோன்களை அப்டேட் மூலம் தாங்களே மெதுவாக ஓட வைத்ததை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மறு வருஷம் இத்தாலியில் இந்த மாதிரி புகாருக்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டார்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த பெரிய அப்டேட் ஒன்று சிலருடைய டாகுமெண்ட்டுகளையும் படங்களையுமே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அவசர அவசரமாக அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 19-ஆம் தேதி க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு உட்கார்ந்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அன்றைக்குத்தான். அது பெரிய கம்பெனிகள் உபயோகிக்கிற சாமான். நம் வீட்டு மெஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே அப்டேட்டில் இரண்டு ஜாதி உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதா மாதம் வருகிற செக்யூரிட்டி அப்டேட் ஓட்டையை அடைப்பது. வருஷத்துக்கு ஒன்றிரண்டாக வருகிற பெரிய அப்டேட் புது அலங்காரம், புது வசதி, எல்லாம் சேர்த்துக் கொண்டுவருவது. பழைய மெஷினைத் திணற வைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். முதலாவதை மறுக்கவே கூடாது. இரண்டாவதை உடனே எடுக்க வேண்டியதில்லை, ஆனால் ரொம்ப நாள் தள்ளினால் முதலாவதும் நின்று போகும். அதற்கும் ஒரு தேதி வைத்திருக்கிறார்கள்.

என் வழக்கம், ஒரு வாரம் பொறுப்பது. விண்டோஸிலேயே ஏழு நாள் நிறுத்தி வைக்க ஒரு பட்டன் இருக்கிறது. ஒட்டில் ஏதாவது கோளாறு என்றால் அதற்குள் ஊரெல்லாம் பேசிவிடும். ஒரு வாரம் பொறுக்கலாம், ஒரு மாதம் பொறுக்கக் கூடாது. மழையும் காற்றுமாக இருக்கிற நாளில் நான் தொடவே மாட்டேன். எங்கள் ஊரில் இரண்டு தூறல் விழுந்தால் கரண்ட் போய்விடும். லாப்டாப்பின் பாட்டரி பத்து நிமிஷம் தாங்கினால் பெரிய விஷயம். பாதி அப்டேட்டில் கரண்ட் போவது, பாகு கம்பிப் பதம் வரும்போது அடுப்பு அணைகிற மாதிரி. போன் நெட்டை வைத்துத்தான் இறக்க வேண்டும் என்பவர்கள், சில நூறு எம்.பி. ஆகும் என்று கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சிக்னல் நன்றாக எடுக்கிறது, அப்போது போடுவேன்.

கடைப் பையன்கள் பற்றி ஒரு வார்த்தை. ரிப்பேருக்குக் கொண்டுபோனால், “அக்கா, அப்டேட்ட ஆஃப் பண்ணி விட்டுட்டேன். இனிமே ஒரு தொந்தரவும் இருக்காது” என்று ஏதோ தர்மம் செய்த மாதிரி சொல்வார்கள். பலரும் காசு கொடுக்காத காப்பி விண்டோஸைப் போட்டு, அது மாட்டிக்கொள்ளாமல் இருக்க அப்டேட்டை அணைத்து விடுகிறார்கள். கூடவே வைரஸ் காவலையும் அணைத்துவிடுவார்கள். கீழே டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இப்படித்தான் நடந்தது. பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையில் திறந்தால் எல்லாப் படத்தின் பெயருக்கும் வால் முளைத்திருக்கிறது; ஒன்றும் திறக்கவில்லை. காப்பி சாஃப்ட்வேர் வழியாக வந்த வினை என்று மெஷினைப் பார்த்தவர் சொன்னார். ஆல்பம் போடக் கொடுத்திருந்த கல்யாணப் படங்கள், காதுகுத்துப் படங்கள் எல்லாம் போயின. அதில் என் நாத்தனார் மகளின் வளைகாப்பும் உண்டு. எங்கள் மாமியார் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு வளையல் பூட்டிய கடைசி விசேஷம் அது. மறு மாதமே அவர் தவறிவிட்டார். யார் போனிலோ எடுத்த ஒரே ஒரு மங்கலான படம்தான் இன்று சுவரில் தொங்குகிறது. லாப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம். அந்தப் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அப்டேட் வருகிறபோது போடலாம்; வருவதே நின்று போனால்?

எங்கள் ரோட்டையே உதாரணமாகச் சொல்கிறேன். மழைக்காலம் வந்தால் அடுக்கம் பாதையில் மண் சரியாத வருஷம் கிடையாது. பாறை உருண்டு நிற்கும், மரம் விழும். நெடுஞ்சாலைத் துறை ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து தள்ளினால் மறுபடி வண்டி ஓடும். நாளைக்கே, இந்த ரோடு எங்கள் கணக்கில் இல்லை என்று துறை கையை விரித்தால், ரோடு அன்றைக்கே காணாமல் போய்விடாது. மறுநாளும் காப்பி மூட்டை இறங்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள். ஆனால் அடுத்த சரிவுக்கு வர யாரும் இல்லை. 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-இன் நிலைமை அதுதான். மெஷின் நிற்காது. முன்பு போலவே ஓடும். புதிய விண்டோஸுக்கு மாதா மாதம் ஒட்டு வரும்போது, அதே ஓட்டை பழையதில் இருந்தால் அதை அடைக்க ஆளிருக்காது. பூட்டுக் கம்பெனி விளம்பரம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்!

இப்படி ஒரு கட்டம் நம் தமிழக அரசுக்கே வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பாதுகாப்பு நின்றது. அரசு அலுவலகங்களில் எங்கு பார்த்தாலும் எக்ஸ்பிதான். எல்லாவற்றுக்கும் புது விண்டோஸ் வாங்குவதென்றால் சும்மாவா? பாஸ் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று அரசு துறைகளுக்குச் சொன்னது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் சென்னையிலேயே உருவாக்கியது இந்த பாஸ், 2007-லிருந்து இருக்கிறது. காசு கிடையாது, தமிழும் உண்டு. இலவச லாப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தது இதைத்தான். எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்திருக்கும் என்று கேட்காதீர்கள். என் கொழுந்தன் ஒரு தடவை திறந்துவிட்டு, கேம் இல்லை என்று மூடினான்!

பாங்குகள் லேசில் மாறவில்லை. ஏ.டி.எம். மெஷின்களுக்குள்ளேயும் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2018 ஜூனில் ரிசர்வ் பாங்க் கண்டிப்பாகக் கெடு வைத்தது: 2019 ஜூனுக்குள் கைவிடப்பட்ட சிஸ்டம் ஒரு ஏ.டி.எம்.மிலும் இருக்கக் கூடாது என்று. எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்று ஐந்து வருஷம் கழித்துத்தான் கெடுவே முடிகிறது! 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுக் கிரிப்டோ பணம் கேட்டார்கள். கோட்டைக்கே இந்தக் கதி என்றால் நம் சமையலறை மேஜை எம்மாத்திரம்.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

பரணுக்கு அனுப்பவில்லை. அப்டேட்டை நிப்பாட்டவும் இல்லை. விண்டோஸ் 10 வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கு மேலும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் தருகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேர ஒரு இணைப்பு வந்தது. 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் திறந்து, செட்டிங்ஸை அவர்களிடம் பேக்கப் வைக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். கொழுந்தன் போனில் சொல்லச் சொல்ல நானே சேர்த்தேன். இதில் புது அலங்காரம் எதுவும் வராது, ஓட்டை அடைப்பு மட்டும்தான். பழைய மெஷினுக்கு அதுதானே வேண்டும்! உடம்பு தளர்ந்தவர்களுக்கு விருந்து வேண்டாம், கஞ்சி போதும்.

விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் என்ற வைரஸ் காவல் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கக் கூடாது. அது வாசலில் நிற்கிற வாட்ச்மேன். சுவரில் ஓட்டை இருந்தால் வாட்ச்மேன் என்ன செய்வார்?

கூடுதல் கிடைத்த அந்த ஒரு வருஷத்தை நான் வீட்டை ஒழிக்கிற மாதிரி உபயோகித்தேன். முதலில் படங்கள், குழுக் கணக்கு, காப்பிக் கணக்கு எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தேன். எடுத்த பிறகு அதைக் கழற்றி பீரோவில் வைத்தேன். கழற்றாமல் சொருகியே வைத்தால் மெஷினுக்கு வந்த வினை அதற்கும் வரும், இது முக்கியம். குழுக் கணக்குக்கு இன்னொரு நகல் பிரதிநிதி வீட்டில் இருக்கிறது. பன்னிரண்டு பெண்கள் எஸ்டேட் கூலியிலும் ஆட்டுப்பால் காசிலும் மிச்சம் பிடித்துப் போட்ட பணத்தின் கணக்கு அது. என் மேஜையில் மட்டும் இருக்கக் கூடாது அல்லவா? அடுத்து, பாங்க் வேலைகள் எல்லாவற்றையும் அந்த மெஷினிலிருந்து எடுத்துவிட்டேன். ப்ரௌஸரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளையும் அழித்தேன்.

இனி அப்டேட் வராது என்கிற நாள் வந்தால் மெஷினைக் குப்பையில் போட வேண்டியதில்லை. நெட்டைத் துண்டித்துவிட்டு, பிள்ளைகள் டைப் பழக, பாட்டுக் கேட்க, தையல் அளவு எழுதி வைக்க உபயோகிக்கலாம். பென் டிரைவ் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கண்ட கடையிலும் பிரிண்ட் எடுக்கக் கொடுத்துவிட்டு வந்து சொருகினால் நெட் இல்லாமலே வைரஸ் வரும். இல்லையென்றால் லினக்ஸுக்கு மாற்றலாம். பாஸ் ஆகட்டும், மின்ட் ஆகட்டும், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும், பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினால் பழைய மெஷினுக்கும் மாதா மாதம் ஒட்டு வரும். பாங்க் வெப்சைட், யூட்யூப், மெயில் எல்லாம் ப்ரௌஸரில் திறக்கும். கணக்கு எழுத லிப்ரெ ஆபீஸ் இருக்கிறது, எக்ஸெல் ஃபைலைத் திறக்கும். டாலி போட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள், போட்டோஷாப் வேலை செய்கிறவர்கள் மட்டும் முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள், அவை அதில் நேராக ஓடாது. நான் பென் டிரைவில் போட்டுப் பார்த்தேன். தமிழ் வருகிறது, பிரிண்டரும் பேசுகிறது. தமிழ் டைப்புக்கு முதல் இரண்டு நாள் கை தடுமாறியது, அவ்வளவுதான்.

லாப்டாப் இல்லாத சகோதரிகள், ‘நமக்கில்லை இது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இனிமேல்தான் உங்கள் விஷயம் வருகிறது.

நம் வீடுகளில் போன் எப்படிக் கைமாறுகிறது? மகன் புதுசு வாங்குவான். அவனுடைய பழசு அப்பாவுக்கு. அப்பாவின் பழசு அம்மாவுக்கு. வீட்டிலேயே வயசான போன் எங்கே இருக்கிறது என்றால் அடுப்படி மேடையில், எண்ணெய்க் கைரேகையோடு! அந்தப் போனில்தான் காஸ் புக்கிங், பால்காரருக்கு ஜிபே, குழுக் கடன் தவணை, பாங்கிலிருந்து வருகிற ஓ.டி.பி. எல்லாம். கைக்குழந்தை சாப்பிட அடம் பிடித்தால் அதே போனைத்தான் கையில் கொடுக்கிறோம். குழந்தை கண்டதையும் அமுக்கும். வீட்டிலேயே பத்திரமாக இருக்க வேண்டிய போன் எதுவோ, அதுதான் எல்லாவற்றிலும் பழசாக இருக்கிறது. இந்த வழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். போனில் செட்டிங்ஸ் திறந்து, ‘அபௌட் போன்’ என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால், ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி தெரியும். சில போன்களில் பக்கம் கொஞ்சம் மாறியிருக்கும், தேடினால் கிடைக்கும். அந்தத் தேதி இரண்டு மூன்று மாதத்துக்குள் என்றால் நல்லது. ஒரு வருஷத்துக்கு மேல் பின்தங்கியிருந்து, அப்டேட் இருக்கிறதா என்று தேடச் சொன்னாலும் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று போன் பதில் சொன்னால், கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை! அந்தப் போனில் பேசலாம், பாட்டுக் கேட்கலாம். பணம் போகிற வழி அதில் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், வீட்டுச் செலவுக்கு மட்டும் சிறு தொகை வைத்த கணக்கை அதில் இணைத்து, சேமிப்பு உள்ள கணக்கைப் பிரித்துவிடுங்கள்.

புதுப் போன் வாங்கும்போது காமிரா எத்தனை, ரேம் எத்தனை என்று கேட்கிறோம். எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் கொடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். கூகுள் 2023-ல் பிக்ஸல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24 வரிசைக்கும் ஏழு வருஷம் என்று வாக்குக் கொடுத்தன. அவை விலை கூடிய ரகம். விலை மலிந்த போன்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருஷத்தோடு சரி. மாடலை எப்போது வெளியிட்டார்களோ அன்றிலிருந்து கணக்கு ஓடுகிறது. நாம் வாங்கிய தேதியிலிருந்து இல்லை. ஆடித் தள்ளுபடியில் போட்டிருக்கிற போன் பாதி ஆயுசைக் கடையிலேயே கழித்திருக்கும்.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காக, ‘அப்டேட்’ என்று எது வந்தாலும் அமுக்கிவிடாதீர்கள். உண்மையான அப்டேட் செட்டிங்ஸுக்குள்ளே இருக்கும், அல்லது ப்ளே ஸ்டோரில் இருக்கும். வாட்ஸப்பில் வராது. “உங்கள் பாங்க் ஆப்பை அப்டேட் செய்யுங்கள்”, “டிராபிக் அபராதம் பாருங்கள்”, “எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை” என்று ஏ.பி.கே. ஃபைல் ஒன்றை அனுப்பி, அதைத் தொட்டதும் ஓ.டி.பி.யைத் திருடுகிற கூட்டம் இருக்கிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போனை ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். “மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்” என்று யாராவது கூப்பிட்டால் பதில் பேசாமல் வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்காரருக்கு நம் நம்பர் எதற்கு? அப்படியும் பணம் போய்விட்டால், யாரிடம் சொல்வது, வீட்டில் திட்டுவார்களே என்று ஒளித்துக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். சைபர் குற்றங்களுக்கு நாடு முழுவதற்கும் உள்ள நம்பர் அது. சீக்கிரம் சொன்னால், அந்தப் பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த வழி இருக்கிறது.